நாளைக்கு என்றால் மனசு கேட்பதில்லை

கேள்வி: ஓராண்டாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சம்பளம் வந்த வாரமே ஆன்லைனில் எதையாவது வாங்கித் தீர்த்துவிடுகிறேன். பார்சலைப் பிரிக்கக்கூட ஆர்வம் இருப்பதில்லை. “உனக்குக் கட்டுப்பாடே இல்லை” என்கிறார் அக்கா. சோர்வால் இப்படியா, இப்படி இருப்பதால் சோர்வா?

பதில்: பிரிக்காத பார்சலைப் பற்றி எழுதினீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. பொருள் மேல் ஆசை என்றால் பிரித்திருப்பீர்கள். ‘வாங்கு’ பட்டனை அழுத்தும் அந்த ஒரு நிமிடம்தான் உங்களுக்குத் தேவைப்படுகிறது.

இன்றே 100 வேண்டுமா, ஒரு மாதம் கழித்து 150 வேண்டுமா? இந்த மாதிரிக் கேள்விகளை வைத்துச் செய்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ என்ற மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மனச்சோர்வு, சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறிமாறி வரும் இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு உள்ளவர்கள் சராசரியாக ‘இன்றே’ பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். பட்டினி கிடந்து உடலை உருக்கும் அனோரெக்சியாவில் மட்டும் நேர்மாறு; அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் காத்திருந்தார்கள். ஆகவே பொறுமை கூடினால் மனம் நலமாக இருக்கிறது என்று கணக்குப் போட முடியாது. அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

எது முதலில் வந்தது என்பதை அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்த விளக்கம் வேறொரு சோதனையில் இருக்கிறது. அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2013இல் வெளிவந்தது. நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனவர், சில குழந்தைகளிடம் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அப்புறம், இப்போதே தின்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு என்று சொல்லி மிட்டாய் முன்னால் உட்காரவைத்தபோது, ஏமாந்த குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம்தான் தாங்கினார்கள். சொன்னபடி கிடைத்தவர்கள் 12 நிமிடம். சோர்வும் அந்த வெறுங்கை ஆள் மாதிரிதான். நாளை நன்றாக இருக்கும் என்பதை நம்பவே விடாது.

சரி, என்ன செய்யலாம்? இரவில் எதையும் வாங்காதீர்கள். கூடையில் போட்டுவைத்துக் காலையில் பாருங்கள். கார்டு எண்ணை ஆப்பில் சேமிக்காதீர்கள். அடுத்த வாரம் நடக்கப்போகும் ஒன்றை, யார் வருவார்கள், எங்கே உட்காருவீர்கள் என்கிற அளவுக்கு விவரமாக மனசில் ஓட்டிப் பாருங்கள். இப்படிச் செய்தவர்கள் காத்திருக்கும் பக்கம் சற்றே நகர்ந்ததைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல், பேச்சு வேகமாகி, செலவும் திடீரென ஏறினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.