ஜெனரேட்டர் இருக்கும்போது எமர்ஜென்சி லைட் தனியாக வேண்டுமா?

கேள்வி இதுதான்: கீழே பார்க்கிங், தரைத்தளமும் முதல் மாடியும் ஜவுளிக்கடை, இரண்டாவது மாடி வாடகை அலுவலகம். ஜெனரேட்டர் வாங்கியாயிற்று. எமர்ஜென்சி லைட் எங்கெங்கே போடுவது, அவசியம்தானா?

அவசியம்தான். "ஜெனரேட்டர் வாங்கியாயிற்று" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மின் ஒப்பந்தக்காரனாக இந்த வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு வயரிங் செய்தோம். எஸ்டிமேட்டில் எமர்ஜென்சி லைட்டுக்கு என்று தனியாக ஒரு பகுதி கொடுத்திருந்தேன். முதலாளி பேனாவை எடுத்து அதை அப்படியே அடித்துவிட்டார். "ஜெனரேட்டர் இருக்குதுங்களே, அப்புறம் இது எதுக்குங்க?" வேண்டாம் என்றால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு இன்டீரியர் செய்ய வந்தவர் இரட்டைத் தலை எமர்ஜென்சி விளக்கு சிலவற்றை வாங்கி, பக்கத்தில் இருந்த பிளக் பாயின்ட்டில் சொருகிவிட்டுப் போனார்.

தீபாவளிக் கூட்டத்தில் ஒரு மாலை, முதல் மாடி லைட்டுக்கான ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச், லீக்கேஜில் விழுந்துவிட்டது. மாடி முழுக்க இருட்டு. மெயின் கரண்ட் போகவில்லை. ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ண வேண்டிய பேனல் மெயின் வோல்டேஜை மட்டும்தான் பார்க்கும். அது சரியாக இருந்ததால் பேனல் சும்மா இருந்தது. பிளக்கில் சொருகிய விளக்குகளும் எரியவில்லை, ஏனென்றால் தனக்கு வரும் கரண்ட் நின்றால்தான் அவை பேட்டரியில் எரியும், பிளக் சர்க்யூட்டில் கரண்ட் இருந்தது. சார்ஜ் ஏறுகிறது என்று பச்சைப் புள்ளி காட்டிக்கொண்டு நின்றன. ட்ரையல் ரூமில் பெண்கள், படியில் குழந்தையோடு இறங்கியவர்கள், எல்லார் கையிலும் செல்போன் வெளிச்சம். ஒரு அம்மா படியில் கால் பிசகி விழுந்தார். எனக்கு போன் வந்தது: "ஏனுங்க, ஜெனரேட்டர் ஏன் ஓடல?" "அது நல்லாத்தானுங்க இருக்குது, கரண்ட் போனதே அதுக்குத் தெரியாது" என்றேன்.

ஆகவே எத்தனை விளக்கு என்பதற்கு முன்னால், எந்த சர்க்யூட்டிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். ஒரு பகுதியின் எமர்ஜென்சி விளக்குக்கு, அதே பகுதியின் லைட் சர்க்யூட்டிலிருந்து, சுவிட்சுக்கு முன்னால் லைன் எடுக்க வேண்டும். அந்த சர்க்யூட்டின் எம்சிபி, அதாவது லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச், விழுந்தால் விளக்கு எரியும். நம் ஊர்க் கடைகளில் ராத்திரி பூட்டும்போது எம்சிபியையே இறக்கிவிட்டுப் போகும் பழக்கம் வேறு உண்டு. அப்படிச் செய்தால் எமர்ஜென்சி விளக்குகள் ஆளில்லாத கடையில் தினமும் எரிந்து தீர்ந்து, பேட்டரி சீக்கிரமே செத்துப்போகும். லைட்டை அணைக்கத் தனி சுவிட்ச் அல்லது கான்டாக்டர் (பெரிய லோடை அணைக்கும் மின்காந்த சுவிட்ச்) கொடுத்துவிடுங்கள்.

வெளிச்ச அளவுக்கு வருகிறேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, வெளியேறும் பாதையின் நடுக்கோட்டில் தரையில் 10 லக்ஸ் (விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) கேட்கிறது. மின்சாரம் நின்ற 5 நொடிக்குள் எரிய வேண்டும், ஒன்றரை மணி நேரம் தாங்க வேண்டும். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி லோடு எடுக்கவே பொதுவாக 10 நொடிக்கு மேல் ஆகிவிடும். "ஐரோப்பாவில் 1 லக்ஸ்தானே" என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள், தெரியும். அங்கே அது சரி. ஆனால் அந்த 1 லக்ஸுக்குப் போட்ட இடைவெளி அட்டவணையை கேட்லாக்கில் பார்த்து இங்கே மாட்டினால் விளக்கு போதாது.

படிக்கட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு லேண்டிங்கிலும், பாதை திரும்பும் இடத்திலும், கடைசிக் கதவுக்கு வெளியிலும் வேண்டும். வெளியே வந்தவர் இருட்டில் நின்றுவிட்டால் பின்னால் வருபவர் எங்கே போவார்? கடைத் தளத்தில் ரேக் உயரம் முடிவான பிறகு இடம் குறியுங்கள், இல்லையென்றால் புடவை ரேக்கின் உச்சிக்குத்தான் வெளிச்சம் விழும். ட்ரையல் ரூம் வரிசைக்குத் தனியாக ஒன்று. ஜன்னல் இல்லாத கழிப்பறை சின்னதாக இருந்தாலும் நான் ஒன்று போடுவேன். பேனல் ரூமிலும் ஜெனரேட்டர் ரூமிலும் கட்டாயம், சரிசெய்ய ஓடுகிறவனுக்கும் கண் தெரிய வேண்டுமல்லவா. பார்க்கிங்கில் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 வகை. அலுவலகத்தில் கேபினுக்குள் தேவையில்லை, நடைபாதையில் போதும். எக்ஸிட் போர்டு எப்போதும் எரியும் வகையாக இருக்கட்டும். உள்ளே விளக்குள்ள போர்டில் படத்தின் உயரம் 15 செ.மீ. என்றால் 30 மீட்டர் தூரம் வரைக்கும் தெரியும் என்று கணக்கு.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். கீழே பார்க்கிங்கில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீ. புகை மேலே ஏறியபோது அரங்கில் எமர்ஜென்சி லைட்டும் இல்லை, எக்ஸிட் லைட்டும் இல்லை.

இன்னொன்று, கேள்விக்கு சம்பந்தமில்லைதான். ஃபால்ஸ் சீலிங் வேலைக்காரர்கள் எக்ஸிட் போர்டை "டிசைனுக்கு இடிக்குது" என்று தூணுக்குப் பின்னால் நகர்த்துவார்கள், அவர்கள் பில் முதலில் பாஸாகும். வயரிங் செய்தவனின் 5 சதவீத ரிட்டென்ஷன், அதாவது வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பில்லில் பிடித்து வைக்கும் பணம், மட்டும் வருஷம் தாண்டியும் வராது. அந்த ஈரோட்டுக் கடையில் பிறகு எமர்ஜென்சி லைட் முழுவதையும் நானேதான் போட்டுக் கொடுத்தேன். பழைய ரிட்டென்ஷன் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

உங்கள் ஒப்பந்தக்காரரிடம் ஒன்று மட்டும் எழுதி வாங்குங்கள். ஒப்படைக்கும் நாளில், இருட்டிய பிறகு, ஒவ்வொரு தளத்தின் லைட் எம்சிபியையும் ஒன்றொன்றாக இறக்கி, லக்ஸ் மீட்டரோடு உங்களை நடக்க வைக்க வேண்டும். பிறகு அப்படியே விட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குத் தயங்குகிறவருக்கு செக் எழுதாதீர்கள். நடந்து காட்டியவருக்கு ரிட்டென்ஷனைச் சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள்.