பழைய நாளிதழ்களில் துக்கம்: கேள்வி பதில்

கேள்வி: தலைவர்கள் மறைந்த நாளின் பழைய இதழ்களில் பத்திகளுக்கு நடுவே தடித்த கறுப்புக் கோடுகள் தெரிகின்றன. இவற்றுக்கெனத் தனி அச்சு இருந்ததா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படவில்லை. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் பத்திகளைப் பிரிக்க மெல்லிய உலோகத் தகடுகளைச் செருகுவார்கள். தகட்டின் மேல்விளிம்பு கூராக இருப்பதால் காகிதத்தில் மயிரிழைக் கோடாக விழும்; அடிப்பக்கம் தடிமனானது. துக்கச் செய்தி வந்ததும் அச்சுக் கோப்பவர் அதே தகடுகளைத் தலைகீழாகத் திருப்பிச் செருகினால் போதும், பக்கம் முழுவதும் கறுப்பேறிவிடும். புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை என்பதால், இரவு வந்த செய்திக்கும் காலை இதழ் துக்கம் காட்ட முடிந்தது. 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டபோது வெளிவந்த அமெரிக்க இதழ்களில் இதைத் தெளிவாகக் காணலாம்.

கேள்வி: மனிதர்களின் மறைவுக்கு மட்டுமே இவ்வாறு செய்தார்களா?

பதில்: இல்லை, எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது மற்ற வகைதான். அச்சிட்ட தாள்களுக்கு பிரிட்டன் விதித்த முத்திரை வரி நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாளான 1765 அக்டோபர் 31 அன்று, பிலடெல்ஃபியாவின் ‘பென்சில்வேனியா ஜர்னல்’ தன் முதல் பக்கத்தையே கல்லறைக் கல்லின் வடிவில், மண்டையோடும் எலும்புகளும் பொறித்து அச்சிட்டு, மீண்டும் உயிர்த்தெழும் நம்பிக்கையுடன் தான் உயிர்விடுவதாக அறிவித்தது. 1882இல் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து தோற்றபோது, ஆங்கிலேயக் கிரிக்கெட் இறந்துவிட்டதாக லண்டன் இதழொன்றில் வந்த கேலி இரங்கல் குறிப்பிலிருந்தே அவ்விரு அணிகள் மோதும் டெஸ்ட் தொடருக்கு ‘ஆஷஸ்’ (சாம்பல்) என்ற பெயர் பிறந்தது. நெருக்கடி நிலைத் தணிக்கையின்போது, 1975 ஜூன் 28 அன்று, ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வின் பம்பாய்ப் பதிப்பில் ‘டி.இ.எம். ஓகிரசி’ காலமானார் என்ற அறிவிப்பு வெளியானது; அவர் ‘டி. ரூத்’தின் கணவராம், ‘எல்.ஐ. பெர்ட்டி’யின் தந்தையாம். சேர்த்துப் படித்தால் இவை ஜனநாயகம் (டெமாக்ரசி), உண்மை (ட்ரூத்), சுதந்திரம் (லிபர்ட்டி) என்ற ஆங்கிலச் சொற்கள். அன்றாடம் கண்ணில் படும் இறப்பு அறிவிப்பின் வடிவம் அச்சுப் பிசகாமல் இருந்ததால்தான், தணிக்கையாளரின் கண்ணுக்கு அது தப்பியது என்று கருதுகிறேன்.

கேள்வி: குடும்பத்தார் தரும் அறிவிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது செயற்கையாக இல்லையா?

பதில்: விளம்பரக் கட்டணம் எத்தனை வரிகள் என்பதைப் பொறுத்து இருந்தது ஒரு காரணம். துயரத்தில் நிலைகுலைந்தவருக்கு ஆயத்தச் சொற்றொடர் ஒரு கைத்தாங்கல் என்பது மற்றொன்று. ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுதிய மகன் குறைவாக அழுதான் என்று கொள்ள இடமில்லை.

கேள்வி: எதுவும் எழுதாமல் துயரைக் காட்டிய இதழ் உண்டா?

பதில்: ஏறத்தாழ அப்படிச் செய்தது கல்கத்தாவின் ‘இந்துஸ்தான் ஸ்டாண்டர்டு’. 1948இல் காந்தியடிகள் கொல்லப்பட்டபோது, அது தலையங்கப் பக்கத்தை வெறுமையாக விட்டு, நடுவில் ஒரே ஒரு பத்தியை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டது.