டிவிடி டிரைவ் காணோமா? முதலில் பயாஸைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து விண்டோஸ் 11-க்கு மாறியவர்களின் கேள்விகள் குவிகின்றன. இந்த முறை முழுக்க டிவிடி டிரைவ் சங்கதிதான்.

மார்த்தாண்டம் வாசகர்: 11-க்கு மாற்றிய மறுநாளே ‘திஸ் பிசி’யில் டிவிடி டிரைவ் காணவில்லை. டிரைவ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி, விண்டோஸ் தொடங்குமுன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இந்த கீ மாறும். அங்கே டிரைவின் பெயர் இருந்தால் சாமான் நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான். இல்லையென்றால் விண்டோஸில் எதை நோண்டியும் பயனில்லை. அடியில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றி, டிரைவை உருவி, மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள்.

பயாஸில் இருக்கிறதா? டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் போதாது. சீக்கிரம் தொடங்குவதற்கான ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி ஆனில் இருக்கும்வரை ஷட்டவுன் முழுதாக அணைப்பதில்லை. அப்புறமும் மஞ்சள் முக்கோணமும் கோட் 19 அல்லது 39 என்ற பிழை எண்ணும் வந்தால், டிஸ்க்கில் எழுதும் பழைய பர்னிங் மென்பொருள் ஏதோ விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவே விட்டுப்போன ஃபில்டர் பெரும்பாலும் காரணமாக இருக்கும். விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், கண்ட்ரோல் கிளையின் கீழ் உள்ள ‘கிளாஸ்’ பகுதியில் 4டி36இ965 என்று தொடங்கும் கீயைத் திறந்து, அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் அழியுங்கள். எது இருக்கிறதோ அதை மட்டும். முதலில் அந்த கீயை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். பக்கத்திலேயே 4டி36இ967 என்று தொடங்கும் கீ ஒன்று இருக்கும், அது ஹார்ட் டிஸ்க்குக்கானது. அதில் கை வைத்தால் விண்டோஸே எழும்பாமல் போகலாம். 965-ஆ 967-ஆ என்று இரண்டு தடவை பாருங்கள்.

தக்கலை வாசகர்: சினிமா டிவிடி ஓடவில்லை. பணம் கட்டி ஆப் வாங்கச் சொல்கிறது.

வாங்க வேண்டாம். விண்டோஸ் 8-லிருந்தே டிவிடி படம் ஓட்டும் வசதி மீடியா பிளேயரில் கிடையாது. விஎல்சி பிளேயர் போடுங்கள், இலவசம்.

குழித்துறை வாசகர்: டிரைவ் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

என்ன லேப்டாப், என்ன மாடல், எந்த விண்டோஸ், பயாஸில் தெரிகிறதா, டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கிறதா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்ல? போன தடவையும் இப்படி நாலு கடிதம் வந்தது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பதில் தருகிறேன்.

குளச்சல் வாசகர்: அப்டேட்டுக்குப் பிறகு சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை.

அப்டேட் மேல் பழி போடாதீர்கள். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று லேசர் தனித்தனி. ஒன்று தளர்ந்தாலும் மற்றது வேலை செய்யும். லென்ஸில் அழுக்குப் படிந்தாலும் முதலில் அடிபடுவது டிவிடிதான். கடலோரம் இருக்கிறீர்கள், உப்புக்காற்று சும்மா விடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சுக்குச்சியால் லென்ஸை மெல்லத் துடையுங்கள். சென்ட், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. துடைத்தும் ஓடாவிட்டால் டிரைவை மாற்ற வேண்டியதுதான்.

நாகர்கோவில் வாசகி: 2009-ல் எடுத்த எங்கள் கல்யாண டிவிடியைப் போட்டால், காலி டிஸ்க் போல ‘எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்’ என்று விண்டோஸ் கேட்கிறது. ஸ்டுடியோவையும் மூடிவிட்டார்கள். ஓகே கொடுக்கலாமா?

கொடுக்கவே கொடுக்காதீர்கள், அம்மா. ஓகே கொடுத்தால் அதன் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். ஒன்று, எழுதியவர் டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல், கொடுத்திருக்க வேண்டும்; இல்லை, உள்வட்டத்தை உங்கள் டிரைவால் படிக்க முடியவில்லை. டெஸ்க்டாப்பில் உள்ள பெரிய டிரைவில் போட்டுப் பாருங்கள். லேப்டாப் டிரைவ் கைவிட்ட எத்தனையோ டிஸ்க்கை அது படித்திருக்கிறது. படித்த அந்த நிமிஷமே படம் இருக்கும் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை முழுதாக ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். 4 ஜிபி சொச்சம், கால் மணி அரை மணியில் முடிந்துவிடும். பாதியில் நின்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடத்துக்குத் திரும்ப வரும்.

இதைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஒரே ஒரு டிஸ்க்கை பீரோவில் பூட்டிவைத்தால் அது பத்திரம் ஆகாது. நம் குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பீரோவுக்குள் ஈரம் இல்லாத மாசம் குறைவு. போன மாசம் ஒரு தாயார் மகனுடைய ஞானஸ்நான விசிடியைக் கொண்டுவந்தார். மேலே படம் போட்ட காகித ஸ்டிக்கர். ஈரத்தில் ஓரம் கிளம்பியிருக்கிறது, அழகாக இல்லையே என்று உரித்துவிட்டார். வெள்ளிப் பூச்சும் சேர்ந்தே வந்துவிட்டது. டிஸ்க்கைத் தூக்கிப் பிடித்தால் உள்ளங்கை அகலத்துக்கு அந்தப் பக்கத்து டியூப் லைட் தெரிந்தது. சிடியில் பதிவு இருப்பது ஸ்டிக்கர் ஒட்டும் பக்கம், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். அடிப்பக்கக் கீறலை மெருகு போட்டுச் சரிசெய்யலாம், மேல்பக்கம் போனால் போனதுதான். அவருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டிவிடியில் பதிவு இரண்டு தகட்டுக்கு நடுவே இருந்தாலும், ஸ்டிக்கர் ஒட்டினால் எடை ஒருபக்கம் சாய்ந்து டிஸ்க் ஆடும். ஸ்டிக்கரும் வேண்டாம், பால்பாயின்ட் பேனாவும் வேண்டாம். டிரைவ் உயிரோடு இருக்கும்போதே காப்பி எடுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள்.

பார்வதிபுரம் வாசகர்: எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் மாற்றினார்கள். இப்போது டிவிடி பட்டனை அழுத்தினால் தட்டு வரவில்லை, விளக்கும் எரியவில்லை.

டிரைவே உள்ளே இருக்காது. அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கேடி (caddy) என்ற சட்டத்தை வைத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டி, முகப்பை மட்டும் ஒட்டியிருப்பார்கள். தவறான வேலை இல்லை, ஆனால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். டிரைவ் உங்கள் பொருள், கேட்டு வாங்குங்கள். யுஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டுக்கொள்ளலாம். தடிமன் 9.5 மில்லிமீட்டரா 12.7-ஆ என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஆரல்வாய்மொழி வாசகர்: டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டது.

லேப்டாப்பை அணைத்துவிட்டு, முகப்பில் உள்ள சின்னத் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக அழுத்துங்கள்.

திங்கள்சந்தை வாசகர்: வெளியே மாட்டும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் சுற்றத் தொடங்கியதும் இணைப்பு அறுந்துவிடுகிறது.

மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான், 3.0-ல் 900. ஹப்பில் மாட்டாமல் நேரே 3.0 போர்ட்டில் மாட்டுங்கள். அது இல்லையென்றால் இரண்டு முனை உள்ள கேபிள் வாங்கி, இரண்டு போர்ட்டிலும் செருகுங்கள்.