மோட்டாரை விடுங்கள், இழையை மெல்லியதாக்குங்கள்

கேள்வி: சிலிகான் ரப்பரில் இரும்புத் தூள் கலந்து, 10 மி.மீ. நீளமும் 1 மி.மீ. தடிமனுமாக ஒரு செயற்கைக் குற்றிழை (சிலியா, அதாவது செல்களின் மேல் ஆடும் நுண்மயிர்) வார்த்து, தண்ணீர்த் தொட்டியின் தரையில் நட்டிருக்கிறேன். அடியில் காந்தம் விநாடிக்கு ஒருமுறை போய்வருகிறது. இழை ஆடுகிறது, ஆனால் சாயம் ஒரு பக்கமாக நகராமல் அங்கேயே கலங்குகிறது. மோட்டார் வேகத்தைக் கூட்டவா?

பதில்: வேண்டாம். முதலில் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிளிசரின் ஊற்றுங்கள். நிஜக் குற்றிழையின் நீளம் சில மைக்ரோமீட்டர்தான். அந்த அளவில் தண்ணீரே பாகு மாதிரி. உங்கள் பெரிய இழைக்கு அதே நிலை வரத்தான் கிளிசரின். உந்துவதை நிறுத்தினால் ஓட்டமும் நின்றுவிடும். போன வழியிலேயே திரும்பும் இழை, தள்ளிய திரவத்தை அப்படியே திரும்ப இழுத்துவிடும். விறைத்த இழையை வேகமாகத் தள்ளி மெதுவாக இழுத்தாலும் இதே கதிதான். இயற்பியலாளர் பர்செல் 1977-இல் எழுதிய சிப்பித் தேற்றம் இதைத்தான் சொல்கிறது. குற்றிழை நிமிர்ந்து அடித்து, வளைந்து தரையோரமாகத் திரும்புவதால் தப்பிக்கிறது.

உங்கள் இழை வளைகிறதா? அதை அளக்க ‘விந்தணு எண்’ என்று ஒன்று உண்டு (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்). திரவ இழுவைக்கும் இழையின் விறைப்புக்கும் நடக்கும் போட்டி அது. 2 முதல் 4 வரை இருந்தால் நல்லது. ரப்பரின் மீள்மைக் குணகம் (பொருள் எவ்வளவு விறைப்பு என்பதன் அளவு) 1 மெகாபாஸ்கல் என்று வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன்: தண்ணீரில் 0.3 கூடத் தேறவில்லை, கிளிசரினில் 1.5. தடிமனை அரை மி.மீ. ஆக்கினால் 3 வருகிறது. விறைப்பு தடிமனின் நான்காம் படியில் குறைவதால் வரும் லாபம் இது. அதே லாபத்தை மோட்டாரில் எடுக்க வேண்டுமானால் 16 மடங்கு வேகம் வேண்டும்.

வார்க்கும்போது கவனம்: அச்சைப் படுக்கவைத்தால் இரும்புத் தூள் ஒரு பக்கமாகப் படிந்து, இழை பிறவியிலேயே கோணிவிடும். ரப்பர் இறுகும்வரை உருட்டிக்கொண்டே இருங்கள்.

திரவம் நகர்ந்தால் போதும், அடிப்பு நிஜம்போல் இருக்க வேண்டாம் என்றால் எளிய வழி உண்டு. விறைத்த இழையையே சாய்ந்த கூம்பாகச் சுழலவிடுங்கள். தரையோரம் போகும்போது திரவம் தரையைப் பற்றிக்கொள்ளும், மேலே வரும்போது நகரும். எலிக் கருவில் உடலின் இடது வலதைத் தீர்மானிக்கும் குற்றிழைகள் இப்படித்தான் சுழல்கின்றன.

சோதிக்கும்போது வீடியோ முழுவதையும் பார்த்துக் குழம்பாதீர்கள். காந்தம் ஒரே இடத்துக்கு வரும் கணத்தில் மட்டும், சுற்றுக்கு ஒரு படம் எடுத்து அடுக்குங்கள். சாயத்துளி படத்துக்குப் படம் ஒரே திசையில் நகர்ந்தால் இழை வேலை செய்கிறது.