நாக்கில் ஊதாக் கட்டி: வெட்டும் முன் என்ன பார்ப்பார்கள்?

கேள்வி: வயது 46, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். நாக்கின் வலது ஓரத்தில் மொச்சை அளவில் ஊதா நிறக் கட்டி. பல வருடமாக இருக்கிறது. வலியில்லை, ஆனால் குனிந்து வீடு கூட்டினால் புடைக்கிறது. பல் டாக்டர் வெட்ட மாட்டேன் என்று பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். புற்றுநோயா டாக்டர்?

பதில்: அவர் கை வைக்காமல் அனுப்பியது நல்லதாகப் போயிற்று அம்மா. ரத்தக்குழாய்க் கட்டியை என்னவென்று தெரியாமல் பல் நாற்காலியில் கிள்ளி எடுத்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடு.

நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் குனிந்தால் புடைப்பது, பல வருடமாக அப்படியே இருப்பது, இரண்டும் சிரை ரத்தக்குழாய்க் கோளாறைத்தான் காட்டுகின்றன. அது புற்றுநோய் இல்லை. அங்கே டாக்டர் ஒரு கண்ணாடித் தகட்டைக் கட்டிமேல் மெல்ல அழுத்துவார். வெளுத்து, எடுத்ததும் மெதுவாக ரத்தம் நிறைந்தால் சந்தேகம் பாதி தீரும். கைவைத்தால் துடிக்கிறதா என்றும் பார்ப்பார். துடித்தால் தமனி ரத்தம் பாய்கிறது, வைத்தியமே வேறு. அப்புறம் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். ஆழமாக இருந்தால் எம்.ஆர்.ஐ.

வெளுக்காத கட்டி, வேகமாக வளர்வது, புண்ணாவது, நாக்கு மரத்துப்போவது என்றால் கதை வேறு. ஆஞ்சியோசார்கோமா, கபோசி சார்கோமா போன்ற ரத்தக்குழாய்ப் புற்றுநோய்கள் எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு வாயில் வருவது மிக அபூர்வம். ஆனால் பயாப்சி (சிறு துண்டு திசு எடுத்துச் சோதிப்பது) இல்லாமல் அவற்றைத் தள்ளிவிட முடியாது. திசுவில் சி.டி.31, இ.ஆர்.ஜி. சாயம் ஏறினால் ரத்தக்குழாய் செல்தான் என்று தெரியும். கபோசி என்றால் எச்.ஐ.வி. சோதனையும் செய்வார்கள். ஆஞ்சியோசார்கோமாவைச் சுற்றிலும் நல்ல சதையோடு அகலமாக வெட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலும் கதிர்வீச்சும் சேரும்.

உங்களுடையது சாதாரணச் சிரைக் கட்டி என்றால் வெட்டவே தேவைப்படாமல் போகலாம். பாலிடோகனால் போன்ற மருந்தைக் கட்டிக்குள் ஊசியாகப் போட்டுச் சுருங்க வைப்பார்கள். போட்டதும் சில நாள் நாக்கு வீங்கும், பயப்படாதீர்கள். மூச்சுவிடச் சிரமமானால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரே ஊசியில் முடியாமல் மறுபடியும் வரச் சொல்லலாம். சின்னதற்கு லேசரும் உண்டு.

வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தக் கட்டி அதனால் வந்ததில்லை. ஆனால் நம்மவர்களுக்கு அதனால் வரும் வாய்ப்புற்றுநோய் அதிகம். வந்ததோடு வந்ததாக வாய் முழுக்கப் பார்த்துவிடட்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிட்டால் அட்டையோடு கொண்டுபோங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அதற்குள் கடிபட்டு ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அப்படியும் நிற்கவில்லையா, நேராக அவசரப் பிரிவுக்கு.