சுருக்கம் போக்கும் கிரீம்: தொடரலாமா, விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. கண்ணோரச் சுருக்கத்துக்காக விலை கூடிய கிரீம் ஒன்றை வாங்கிப் பத்து நாளாக இரவில் பூசுகிறேன். ரெட்டினால், கொலாஜன் இரண்டும் இருப்பதாக டப்பாவில் போட்டிருக்கிறது. பூசியதும் சுருக்கம் குறைந்த மாதிரி தெரிகிறது. காலையில் முகம் கழுவினால் பழையபடிதான். மூக்கோரத்தில் தோல் வேறு உரிகிறது. தொடரலாமா?

பதில்: பூசியதும் தெரிகிற மாற்றம் ஈரப்பதம் செய்கிற வேலை. இந்த மாதிரி கிரீம்களில் இருக்கும் கிளிசரின், ஹையலூரானிக் அமிலம் போன்றவை மேல்தோலில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். தோல் லேசாக உப்பும், மெல்லிய கோடுகள் மறையும், கழுவினால் திரும்பி வரும். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பலனுக்கு விலை குறைந்த சாதாரண மாய்ச்சரைசரே போதும்.

கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் புரதம். ஆனால் அந்தப் பெயருக்காகக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். தோலைத் தாண்டி உள்ளே போக மூலக்கூறு எடை சுமார் 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முழுக் கொலாஜனின் எடையோ ஏறக்குறைய 3 லட்சம். அது மேலேயே உட்கார்ந்து ஈரம் காக்கும், அவ்வளவுதான்.

உங்கள் டப்பாவில் உருப்படியான சரக்கு ரெட்டினால்தான். வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான அது தோலுக்குள் ரெட்டினோயிக் அமிலமாக மாறி, புதுக் கொலாஜன் உருவாகத் தூண்டுகிறது. பலன் தெரியக் குறைந்தது மூன்று மாதம் ஆகும், அதுவும் மெல்லிய கோடுகளில்தான். ஆழமான மடிப்பு அசையாது. தோல் உரிவதும் பெரும்பாலும் இதனால்தான். தினமும் பூசுவதை நிறுத்துங்கள். உரிவது அடங்கியதும் வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு, மாய்ச்சரைசர் பூசி அதன் மேல். வீக்கமோ கடும் எரிச்சலோ வந்தால் அடியோடு விட்டுவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். இதைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்கும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கும்: ரெட்டினால் வேண்டாம்.

அப்புறம், டப்பாவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்கள் அளவு இறங்கும் வரிசையில் இருக்கும். ரெட்டினால் குறைந்த அளவிலேயே வேலை செய்யும் (ஐரோப்பிய ஒன்றியம் முகக் கிரீமுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே 0.3 சதவீதம்), அதனால் பட்டியலில் கீழே இருப்பது குற்றமில்லை. சதவீதத்தையே சொல்லாமல் முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ரெட்டினால் காற்றிலும் வெளிச்சத்திலும் கெடும். தினமும் மூடியைத் திறந்து விரல் விடுகிற கண்ணாடி டப்பாவைவிட வெளிச்சம் புகாத பம்ப் அல்லது டியூப் நல்லது. 'சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்கும்' என்ற வரியில் 'தோற்றம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். விளம்பரக்காரர்கள் அதைச் சும்மா போடுவதில்லை.

செலவு செய்வதென்றால் சன்ஸ்கிரீனில் முதலில் செய்யுங்கள். ஆஸ்திரேலியாவில் நான்கரை ஆண்டு நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதிர்ச்சி, தோன்றியபோது பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. ரெட்டினால் பூசுபவருக்கு வெயில் கூடுதலாகச் சுடும் என்பதால் அது கட்டாயமும்கூட.

இருக்கிற டப்பாவை வீணாக்க வேண்டாம். இன்று காலை கிரீம் எதுவும் இல்லாமல், ஒரு ஜன்னலோரம் நின்று முகத்தைப் படம் எடுத்து வையுங்கள். 12 வாரம் கழித்து அதே ஜன்னல், அதே நேரம், இன்னொரு படம். வித்தியாசம் தெரியாவிட்டால் அடுத்த டப்பா வாங்காதீர்கள்.