ஏழாம் வகுப்பு உலக வரலாறு: முந்நூறு ஆண்டு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆறு போதும்

கேள்வி: கோவையிலிருந்து சென்ற ஆண்டு கலிபோர்னியாவின் சான் ஹோசேவுக்கு வந்தோம். மகள் ஏழாம் வகுப்பு. இங்கே அந்த வகுப்பில் இடைக்கால, தொடக்க நவீனகால உலக வரலாறு நடத்துகிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் டெஸ்ட் நன்றாக எழுதுகிறாள். அடுத்த பாடம் தொடங்கியதும் முந்தையது மறந்துவிடுகிறது. மங்கோலியர் முன்னாலா, கறுப்புச் சாவு எனும் கொள்ளைநோய் முன்னாலா என்று கேட்டால் விழிக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் ஆன்லைன் டியூஷன் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார். நாற்பது வகுப்பு, முந்நூறு ஆண்டு எண்களுக்கான பிளாஷ் கார்டு, மாநிலத் தேர்வுப் பயிற்சி எல்லாம் சேர்ந்த பேக்கேஜாம். சேர்க்கலாமா ஐயா?

பதில்: சேர்க்காதீர்கள் அம்மா. கலிபோர்னியாவில் ஏழாம் வகுப்பு வரலாற்றுக்கு மாநிலத் தேர்வே கிடையாது. ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆண்டுதோறும் உண்டு. அறிவியலுக்கு ஐந்திலும் எட்டிலும் உண்டு. முன்பு எட்டாம் வகுப்பில் ஒரு வரலாற்றுத் தேர்வு இருந்தது, அதுவும் 2013-ஓடு நின்றுவிட்டது. இல்லாத தேர்வுக்கு எதைப் பயிற்றுவிப்பார் அந்த மனிதர் என்று கேட்டுப் பாருங்கள். உங்களைச் சேர்த்துவிட்டால் அவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். அரசுத் தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே பயந்து பழகியவர்கள் நாம். ஊர் மாறினாலும் அந்தப் பயம் கூடவே வந்துவிடுகிறது, அதைக் காசாக்க ஆளும் கிடைத்துவிடுகிறார். ‘இப்போதே அடிப்படை போட்டால்தான் நல்ல கல்லூரி’ என்பது அடுத்த தூண்டில். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் ஏழாம் வகுப்பு வரலாற்று மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை.

சரி, மறதிக்கு வருவோம். உங்கள் மகளின் நினைவாற்றலில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குறை பாடத்தை அடுக்கியிருக்கும் முறையில் இருக்கிறது. ரோமப் பேரரசு தளர்வதில் ஆரம்பித்து 18ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர்கள் வரை, ஏறக்குறைய 1,400 ஆண்டுகளை 180 பள்ளி நாட்களில் ஓட்டிவிட வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் அதையும் பகுதி பகுதியாகத்தான் நடத்துகிறார்கள்: இஸ்லாமிய உலகம் ஒரு பாடம், சீனா ஒன்று, ஜப்பான் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்கா ஒன்று, ஐரோப்பா ஒன்று. ஒவ்வொரு பாடமும் பல நூறு ஆண்டு பின்னுக்குப் போய் மறுபடி தொடங்கும். 13ஆம் நூற்றாண்டு ஒரே கல்வியாண்டில் நான்கைந்து முறை வந்து போகும். ஐந்து டிவி தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாக முழுக்கப் பார்க்க வைத்துவிட்டு, இந்தத் தொடரில் கல்யாணம் நடந்த வெள்ளிக்கிழமை அந்தத் தொடரில் என்ன நடந்தது என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியுமா? பாடத்திட்டம் போடுபவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் இன்னும் இரண்டு பாடம் சேர்க்கிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்குங்கள். மேலே ஐரோப்பா, மேற்கு ஆசியாவும் எகிப்தும், மேற்கு ஆப்பிரிக்கா, இந்தியா, சீனாவும் ஜப்பானும், அமெரிக்கக் கண்டங்கள் என்று ஆறு பத்தி. இடது ஓரத்தில் ஆறே ஆறு ஆண்டுகள்: 800, 1215, 1348, 1521, 1543, 1600. பாடப் புத்தகம் மேலிருந்து கீழே ஓடும், இவள் குறுக்கே படிக்கட்டும்.

800-இல் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட சார்லமேனுக்கு ரோமில் பேரரசராக முடிசூட்டுகிறார் போப். அந்த நேரத்தில் பாக்தாதில் ஆள்பவர் ஹாரூன் அல் ரஷீத். அவர் சார்லமேனுக்கு ஒரு யானையை அன்பளிப்பாக அனுப்பினார். அதன் பெயர் அபுல் அப்பாஸ், 802-இல் போய்ச் சேர்ந்தது. இந்த யானையைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் இரண்டு பேரரசரையும் மறப்பதே இல்லை.

1215-இல் இங்கிலாந்தின் ஜான் மன்னர் ரன்னிமீட் புல்வெளியில் பிரபுக்களுக்குப் பணிந்து, மன்னரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்ற மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு ஒப்புதல் தருகிறார். அதே ஆண்டின் நடுவில் செங்கிஸ் கானின் படை இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்திலிருந்த சோங்டு நகரைப் பிடிக்கிறது. இந்தியப் பத்தியில் அடுத்த ஆண்டைக் குறிக்கலாம். 1216-இல் மதுரையில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் பட்டத்துக்கு வருகிறார், சோழர்களின் சரிவும் அதோடு வேகம் பிடிக்கிறது.

அடுத்து 1348. உங்கள் கேள்விக்கு விடை இந்த வரிசையில்தான் இருக்கிறது. செங்கிஸ் கானும் பிள்ளைகளும் பேரன்களும் 13ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கருங்கடல் வரை ஒரே ஆட்சிக் குடும்பத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். வணிகக் கூட்டங்கள் அச்சமின்றி நடமாட வழி திறந்தது. அந்த வழிகளில்தான் நோயும் வந்தது. 1346-இல் கருங்கடல் ஓரத்திலிருந்த காஃபா துறைமுகத்தை முற்றுகையிட்டிருந்த மங்கோலியப் படைக்குள்ளேயே கொள்ளைநோய் பரவிவிட்டது. 1347-இல் கப்பல்களோடு சிசிலியின் மெசினாவில் இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பியரில் மூன்றில் ஒருவராவது இறந்தார்கள். பாதிப் பேர் என்றும் சிலர் கணக்கிடுகிறார்கள். பாதை போட்டவர்கள் முன்னால், பாதையில் வந்த நோய் பின்னால். இதை ஒருமுறை புரிந்துகொண்டவள் அப்புறம் மாற்றிச் சொல்ல மாட்டாள், கார்டும் தேவைப்படாது.

இந்த வரிசையை நிரப்ப ஒரு மனிதரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளலாம். மொராக்கோவின் டாஞ்சியர் நகரிலிருந்து 1325-இல் கிளம்பிய பயணி இபின் பதூதா. மாலியின் மன்னர் மான்சா மூசா மக்கா போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்து அதன் விலையையே சரியவைத்தது 1324-இல். இரண்டு ஆண்டு கழித்து அதே கெய்ரோவுக்கு இவர் போகிறார். டெல்லியில் துக்ளக்கிடம் நீதிபதியாக இருக்கிறார், கோழிக்கோட்டில் புயலில் கப்பலைப் பறிகொடுக்கிறார், மதுரை சுல்தானிடம் வந்து காய்ச்சலில் படுக்கிறார், சீனா வரை போனதாக எழுதுகிறார். திரும்பும்போது 1348-இல் டமாஸ்கஸில் கொள்ளைநோயைக் கண்ணால் பார்க்கிறார். அப்புறம் மாலிக்கும் போகிறார், அப்போது அங்கே ஆட்சி மூசாவின் தம்பி சுலைமான் கையில். பாடப் புத்தகத்தில் தனித்தனிப் பாடமாகக் கிடக்கும் ஐந்து ஊர்கள் ஒரே ஆளின் கால்தடத்தில் சேர்ந்துவிடுகின்றன. வகுப்பில் நான் இவரை வைத்துத்தான் காலம் தள்ளினேன் என்றே சொல்லலாம்.

1521: ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நின்று திருச்சபையை விமர்சித்த தன் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுக்கிறார் மார்ட்டின் லூதர். அதே ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் தீவில் கடலோடி மகல்லன் கொல்லப்படுகிறார். ஆகஸ்டில் மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக்குகளின் தலைநகர் டெனோச்டிட்லான் ஸ்பானியத் தளபதி கோர்ட்டஸிடம் விழுகிறது. 1543: பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் நூல் அச்சாகிறது, போர்ச்சுகீசியர் ஜப்பானின் தானெகாஷிமா தீவில் துப்பாக்கியோடு இறங்குகிறார்கள்.

1600: பிப்ரவரியில் ரோமில் தத்துவவாதி ஜியோர்டானோ புரூனோவை மத விரோதி என்று உயிரோடு எரிக்கிறார்கள். அக்டோபரில் செகிகாஹாரா போரில் வென்று டோக்குகவா இயேயாசு ஜப்பானைக் கையில் எடுக்கிறார். டிசம்பர் 31 அன்று லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி பட்டயம் தருகிறார்.

இங்கே ஒரு விதிவிலக்கு. இதை வொர்க்‌ஷீட் எழுதுபவர்கள் கவனிப்பதில்லை என்பது என் பழைய எரிச்சல், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 1582-இல் போப் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. போப் சொன்னதை நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்று இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியிலேயே இருந்தது. ஆகவே லண்டனில் 1600 டிசம்பர் 31 என்றால் ரோமில் 1601 ஜனவரி 10. நான் மேலே எழுதியதே ரோமாபுரிக் கணக்கில் ஒரு வரி கீழே போக வேண்டும்! ‘கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்று ஒரு வாசகம் சுற்றுகிறது பாருங்கள், அதுவும் இப்படித்தான். கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 புதிய கணக்கு. நியூட்டன் பிறந்த 1642 கிறிஸ்துமஸ் பழைய கணக்கு, புதியதில் அது 1643 ஜனவரி 4. டெஸ்ட்டில் அவள் 1600 என்றும் 1642 என்றும்தான் எழுத வேண்டும், அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு பத்து நாள் காணாமல் போனது மாதிரி ருசியான செய்தி வேறு இல்லை.

இன்னொரு பொறி 1453. கான்ஸ்டான்டினோபிளைத் துருக்கியர் பிடித்து மிளகு வழியை அடைத்தார்கள், அதனால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள் என்று விலைக்கு வரும் நோட்ஸ்களில் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பார்கள். போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்கக் கரையில் சேவுட்டாவைப் பிடித்தது 1415, பொஹதோர் முனையைத் தாண்டியது 1434. வெனிஸ் வணிகர்கள் 1453-க்குப் பிறகும் அலெக்சாண்டிரியாவில் மிளகு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எகிப்து துருக்கியர் கைக்குப் போனதே 1517-இல்தான், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து 19 ஆண்டு கழித்து. டெஸ்ட்டில் காரணம் கேட்டால் ‘ஒரு காரணம்’ என்று எழுதச் சொல்லுங்கள். இடைத்தரகர்களைத் தவிர்த்து நேரே வாங்கும் ஆசை, தங்கம், மதம் மூன்றையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இந்தியப் பத்தியை நம் ஊர்ப் பெருமையால் நிரப்பிவிடாதீர்கள். அவளுடைய பாடத்தோடு ஒட்டுவது இரண்டு போதும். சீனத் துறைமுகம் சுவான்சோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, சிவன் கோயில் கட்டிய செய்தியோடு. மார்க்கோ போலோ சீனாவில் இருந்த காலம் அது. இரண்டாவது, சீனத் தளபதி செங் ஹே இலங்கையின் காலியில் நிறுத்திய, 1409 எனத் தேதியிட்ட கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் புத்தருக்கும் விஷ்ணுவுக்கும் இஸ்லாத்துக்கும் தனித்தனியாக மரியாதை செய்திருக்கிறார். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, விடுமுறைக்கு அந்தப் பக்கம் போனால் காட்டுங்கள்.

ஆறு வரிசையையும் ஒரே நாளில் நிரப்ப உட்காராதீர்கள். வகுப்பில் எந்தப் பாடம் ஓடுகிறதோ அந்தப் பத்தியை மட்டும் அவளே தன் கையெழுத்தில் எழுதட்டும். ஆசிரியரிடம் கேட்டால் இந்த ஆண்டுக்கான பாட வரிசையைத் தருவார். அது இலவசம், வெட்கப்படாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். அந்தப் பேக்கேஜுக்கு முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், ‘மாநிலத் தேர்வுப் பயிற்சி’ என்று அவர்கள் எழுதி அனுப்பியதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள்.